15 கிலோஹேர்ட்ஸ் ஆர்கேட் மொனிட்டரில் புதுக் கணினியை ஓட்டுவது

கொத்மலைக்காரன் (தலவாக்கலை)

வணக்கம். காசு போட்டு விளையாடும் ஆர்கேட் கேம் கேபினட்டிலிருந்து கழற்றிய 20 அங்குல மொனிட்டர் ஒன்று இருக்கு. பின்பக்க ஸ்டிக்கரில் 220 வோல்ட், 15.75 கிலோஹேர்ட்ஸ் என்பது மட்டும் வாசிக்க முடியுது. கம்பனிப் பேர் அழிஞ்சு போச்சு. சிக்னல் கொனெக்டரில் ஆறு முள்: சிவப்பு, பச்சை, நீலம், கிரவுண்ட், எச், வி (கிடை, குத்து சிங்க், அதாவது வரியும் படமும் எப்போது தொடங்கணும் என்று சொல்லும் துடிப்பு). பழைய ஆர்கேட் கேம்களைக் கணினியில் விளையாட வைக்கும் மேம் நிரலை ஓட்டத்தான் வேணும். கணினியில் இருப்பது எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளேபோர்ட்டும் மட்டும் உள்ள என்விடியா கார்ட். ப்ராசசருக்குள்ளேயே இன்டெல் கிராஃபிக்சும் உண்டு.

எச்டிஎம்ஐயை விஜிஏ ஆக்கும் சின்ன அடாப்டர் ஒன்றைப் போட்டு, விஜிஏ கேபிளை வெட்டி வயர்களை நேராகக் கொடுத்தால், ஒரே படம் ரெண்டாக ஒடுங்கிப் பக்கத்தில் பக்கத்தில் நிற்குது. இருட்டாகவும் இருக்கு. குழாய்க்கு உயர் வோல்ட் தரும் ஃப்ளைபேக் ட்ரான்ஸ்போமரில் உள்ள கீழ்க் குமிழைத் திருகினால் வெளிச்சம் கூடுது, ஆனால் கறுப்பு சாம்பலாகிச் சாய்வான கோடுகள் தெரியுது. பிழை எங்கே?

ட்ரான்ஸ்போமர்_பாஸ் (நாவலப்பிட்டி)

தம்பி, படம் கிடக்கட்டும். முதல்ல ரெண்டு ப்ளக்கையும் கழற்றுங்க. மொனிட்டருக்கும் சுவர்க் கரண்டுக்கும் நடுவுல கரண்டை நேர்த் தொடர்பு இல்லாம பிரிச்சுக் கொடுக்கிற ஐசோலேஷன் ட்ரான்ஸ்போமர் இருக்கா இல்லையான்னு நீங்க எழுதவே இல்ல.

பழைய ஆர்கேட் மொனிட்டர் சேசிஸ் (உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்ட்) நிறைய, கரண்டை நேரா நாலு டயோட் பிரிட்ஜுக்குள்ள எடுத்து அதோட மைனஸ் பக்கத்தையே தன்னோட கிரவுண்டா வெச்சிருக்கும். கேபினட்டுக்கு அடியில ட்ரான்ஸ்போமர் ஒன்று இருக்கும்னு நம்பித்தான் அப்படிச் செஞ்சாங்க. மொனிட்டரை மட்டும் கழற்றிக் கொண்டு வந்தா அந்த ட்ரான்ஸ்போமர் கேபினட்டோட போயிடுது. அப்போ வீடியோ கிரவுண்டே கரண்டுதான். அதை ஏர்த் உள்ள கணினியோட சேர்த்தா பிரிட்ஜ் வெடிக்கும், விஜிஏ பக்கமும் சேர்ந்து போகும். உங்களுக்கு இன்னும் வெடிக்கலன்னா காரணம் ரெண்டுதான். ஒன்று, சேசிஸ் ஏற்கெனவே ஐசோலேட் ஆனது. இல்லன்னா கணினியை ஏர்த் இல்லாத ரெண்டு முள் ப்ளக்ல செருகியிருக்கீங்க. ரெண்டாவதுன்னா கணினிப் பெட்டி முழுக்க இப்போ கரண்ட் நிக்குது, தொடாதீங்க.

பார்க்கிற விதம் இது. ப்ளக்கைக் கழற்றி ஒரு பத்து நிமிஷம் விடுங்க. பெரிய ஃபில்டர் கெபாசிட்டர்ல மீட்டரை வெச்சுப் பாருங்க. 230ஐ நேரா டிசி ஆக்கினா 325 வோல்ட் வரும், அது சில சேசிஸ்ல ரொம்ப நேரம் தேங்கி நிக்கும். நின்னா 2.2 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டரை இடுக்கியில பிடிச்சு இறக்குங்க. ஸ்க்ரூட்ரைவரால ஷோர்ட் பண்ணாதீங்க. பூச்சியத்துக்கு வந்த பிறகு மீட்டரை டயோட் நிலையில வெச்சு, சிவப்பு முனையை வீடியோ கிரவுண்ட்லயும் கறுப்பை மொனிட்டர் ப்ளக்கோட ஒரு முள்ளுலயும் வைங்க. மொனிட்டர் சுவிட்ச் இருந்தா ஒன் நிலையில இருக்கணும். மற்ற முள்ளுலயும் பாருங்க. 0.5, 0.6 மாதிரி காட்டினா கரண்ட் கிரவுண்ட். ஒண்ணுமே காட்டலன்னா ஐசோலேட் ஆனது.

அதைப் பார்த்து எழுதுங்க. பிறகு மற்றதைப் பேசலாம்.

வரி262 (பேராதனை)

பாஸ் சொன்னதை முதலில் முடியுங்கள். அதற்கிடையில், படம் ஏன் இரண்டாகத் தெரிகிறது என்பதைச் சொல்கிறேன்.

கணினியின் 640×480 படம் விநாடிக்கு ஏறக்குறைய 31,500 வரி போடுகிறது. உங்கள் மொனிட்டர் போடுவது 15,750, அதாவது சரி பாதி. சரியாக இரட்டிப்பாக இருப்பதால் மொனிட்டர் ஒன்றுவிட்ட சிங்க் துடிப்பைப் பிடித்துக்கொண்டு, கணினியின் இரண்டு வரிகளைத் தன் ஒரு வரிக்குள் அடுக்குகிறது. அதனால்தான் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படம். 800×600 அனுப்பினால் இப்படிக்கூட நிற்காது, கிழிந்து ஓடும். சில சேசிஸ் தவறான ஃபிரீக்வென்சியைப் பின்தொடரப் பார்த்து ஹொரிசொன்டல் ட்ரான்சிஸ்டரைச் சூடாக்கும். சோதித்துப் பார்க்க என்றுகூட விட்டு வைக்காதீர்கள்.

ஃப்ளைபேக்கின் கீழ்க் குமிழ் ஸ்க்ரீன், அதாவது ஜி2. அது வெளிச்சத்துக்கான குமிழ் அல்ல. நீங்கள் பார்த்த சாய்வான கோடுகள், பீம் மேலே திரும்பிப் போகும் பாதை. இருட்டுக்குக் காரணம் சிக்னல் வோல்ட் போதாமை. குமிழைப் பழைய இடத்துக்கே திருப்பிவிடுங்கள்.

ஆக உங்கள் முன்னால் இருப்பவை மூன்று தனித்தனி வேலைகள்: வரி எண்ணிக்கை, சிங்க், சிக்னல் உயரம். ஒன்றைச் சரி செய்தால் மற்றது தானாகச் சரியாகாது.

ஜாமா56 (கண்டி)

ஒரு எச்சரிக்கை. "ஆர்கேட் கன்வேர்ட்டர்" என்று தேடினால் முதலில் வந்து நிற்பது ஜிபிஎஸ்-8200 போர்ட். அதை வாங்கிவிடாதீங்க. அது 15 கிலோஹேர்ட்ஸ் கேம் போர்ட்டை எல்சிடியில் காட்டுவதற்கானது, உங்களுக்கு வேண்டியதன் நேர் எதிர்த் திசை.

கொத்மலைக்காரன்

பாஸ் அண்ணே, ஒரு முள்ளில் 0.54, மற்றதில் 0.55 காட்டுது. கணினி ரெண்டு முள் ப்ளக்கில்தான் இருந்துச்சு. லயத்து வயரிங், சோக்கட்டில் ஏர்த் இல்ல.

ட்ரான்ஸ்போமர்_பாஸ்

நல்லவேளை, கை வைக்கல.

வாங்க வேண்டியது 230க்கு 230, ரெண்டு தனிச் சுற்று உள்ள ட்ரான்ஸ்போமர். 20 அங்குலம் 60 முதல் 100 வாட் வரைக்கும்தான் இழுக்கும், ஆனா ஒன் பண்ணும்போது குழாய்ல தேங்கின காந்தத்தை அழிக்கிற டீகோஸ் கொயில் பெருசா இழுக்கும். அதனால 200 விஏ எடுங்க, 150க்குக் கீழ போகாதீங்க. ப்ரைமரியில 2 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ பியூஸ். வேகமா எரியிற பியூஸ் போட்டா ஒவ்வொரு தடவையும் டீகோஸ்ல போகும்.

கடையில தவறுற இடம் ரெண்டு இருக்கு. ஒன்று, வெளிநாட்டுச் சாமானுக்குன்னு விக்கிற 230க்கு 110 பெட்டி. அதுல பெரும்பாலும் ஓட்டோ ட்ரான்ஸ்போமர்தான், ஒரே சுற்று. வோல்ட்டைக் குறைக்கும், ஐசோலேட் பண்ணாது. கண்டுபிடிக்க, உள்ளே போற வயருக்கும் வெளியே வர்ற வயருக்கும் இடையில ஓம் பாருங்க. ஏதாவது ஓம் காட்டினா ஓட்டோ. மற்றது கட்டட வேலைக்காரங்க ட்ரில் மெஷினுக்கு வைக்கிற 110 வோல்ட் மஞ்சள் பெட்டி. அது ரெண்டு சுற்றுதான், ஆனா செகண்டரிச் சுற்றோட நடுவை ஏர்த்தோட கட்டியிருப்பாங்க. ஏர்த்தோட கட்டினதுக்கு அப்புறம் கரண்ட் கிரவுண்ட் சேசிஸுக்கு அதால பிரயோசனம் இல்ல. உங்க மொனிட்டர் 220தான், ரெண்டுமே வேண்டாம். 100, 110 போட்ட மொனிட்டர் வெச்சிருக்கிறவங்களுக்காகச் சொல்றேன்.

சுற்றித் தரச் சொன்னாலும் சரிதான். ப்ரைமரிக்கும் செகண்டரிக்கும் இடையில இன்சுலேஷன் தாள் நல்லாப் போடச் சொல்லுங்க.

இன்னொன்று. ட்ரான்ஸ்போமருக்கு அந்தப் பக்கம் நீங்க கரண்டைத் தொட்டா வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழாது. அதுக்குத் தெரியவே தெரியாது. ஒன் பண்ணின சேசிஸுக்குள்ள ஒரு கைதான் போகணும்.

கணினிக்கு ஏர்த் வேணும், பேச்சே இல்ல. ஏர்த் இல்லாத கணினியோட பெட்டி அதோட சொந்த சப்ளை ஃபில்டராலேயே பாதிக் கரண்ட்ல மிதக்கும், தொட்டா சுரீர்னு இருக்கும். அந்த நிலையில விஜிஏ கேபிளைச் செருகினா, கிரவுண்ட் முள் படுறதுக்கு முந்தி சிக்னல் முள் பட்டுட்டா கார்ட் போகும். ஏர்த் போட்ட பிறகும் ரெண்டையும் ஓஃப் பண்ணித்தான் கேபிள் மாத்தணும்.

வரி262

இனி கணினிப் பக்கம். இரண்டு வழி உண்டு.

முதலாவது, அனலொக் வெளியீடு உள்ள பழைய ரேடியோன். எச்டி 5450, எச்டி 6450 போன்ற சின்னக் கார்டே போதும். மேமுக்கு வேலை செய்வது ப்ராசசர்தான், கார்ட் அல்ல. விண்டோஸில் சிஆர்டி எமுடிரைவர் என்ற மாற்று ரேடியோன் டிரைவரைப் போட்டால் இந்தக் கார்டுகள் 15 கிலோஹேர்ட்ஸுக்கு இறங்கும். என்விடியாவில் அனலொக் கடைசியாக வந்தது ஜிடிஎக்ஸ் 900 வரிசையில். 1000 வரிசையிலிருந்து டிவிஐ துளை இருந்தாலும் உள்ளே அனலொக் முள் இல்லை. ரேடியோனில் ஆர்9 290 வகைகளில் ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். ஆனால் 380எக்ஸில் இருக்கிறது. புதிய எண் என்றால் அனலொக் போயிருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது, துளையைப் பாருங்கள். தட்டை முள்ளைச் சுற்றி நாலு சின்னத் துளை இருந்தால் டிவிஐ-ஐ, அனலொக் உண்டு. தட்டை முள் தனியே நின்றால் டிவிஐ-டி, இல்லை.

பழைய கார்டில் புதிய மதர்போர்டுக்கான பயோஸ் இல்லை. பழைய முறைப் பூட்டுக்கான சிஎஸ்எம் வசதி இல்லாத போர்டில் அதை முதற் கார்டாக வைத்தால் திரையே வராது. உங்களுக்கு அது தொல்லை அல்ல, வசதி. பயோஸில் இன்டெல் கிராஃபிக்சை முதலாவதாக வைத்து மதர்போர்ட் எச்டிஎம்ஐயில் சாதாரண எல்சிடியைக் கொடுங்கள். கணினி தொடங்கும்போது வரும் 31 கிலோஹேர்ட்ஸ் எழுத்தெல்லாம் எல்சிடிக்குப் போகும். ரேடியோன் டிரைவர் ஏறும் வரை ஆர்கேட் மொனிட்டருக்கு ஒன்றும் போகாது. ஒரு நிபந்தனை: அதே கணினியில் புது ரேடியோன் கார்ட் இருந்தால் இரண்டு டிரைவர்களும் மோதும். இன்டெல், என்விடியாவோடு அந்தச் சண்டை இல்லை.

விண்டோஸில் வரிசை இது. பயோஸில் செக்யூர் பூட்டை நிறுத்துங்கள். விண்டோஸை டெஸ்ட் சைனிங் நிலைக்கு மாற்றிக் கணினியை மறுபடி தொடங்குங்கள், இந்த டிரைவருக்கு மைக்ரோசொஃப்ட் கையொப்பம் இல்லை. பழைய ரேடியோன் டிரைவர் ஏதாவது இருந்தால் முழுக்க அகற்றிவிட்டு எமுடிரைவரைப் போடுங்கள். பிறகு அதோடு வரும் மோட் உருவாக்கும் நிரலான விஎம்மேக்கரைத் திறந்து மொனிட்டர் வகையைத் தெரிவு செய்து மோட்களை நிறுவுங்கள். வகையில் ஜெனரிக்_15 என்பது 15,625 முதல் 15,750 வரைதான் போகும், ஆர்கேட்_15 என்பது 16,200 வரை. மோர்ட்டல் கொம்பாட் 289 வரி, 54.7 ஹேர்ட்ஸ், பெருக்கினால் 15,810. ஜெனரிக்கில் அந்த வரி வேகம் அப்படியே கிடைக்காது. ஆர்கேட் மொனிட்டர் என்பதால் ஆர்கேட்_15 எடுங்கள்.

கடைசியாக ஆர்கேட் ஓஎஸ்டி நிரலில் ஒவ்வொரு மோடாகத் திறந்து படத்தை நடுவுக்குக் கொண்டு வரலாம். மேமுக்குப் பதிலாக அதன் மாற்றுப் பதிப்பான குரூவிமேம் போட்டால் ஒவ்வொரு விளையாட்டின் சொந்த வரி எண்ணிக்கையையும் அதுவே கணக்குப் போட்டு எடுத்துக்கொள்ளும். நியோ ஜியோ 59.19, ஆர்-டைப் 55.02, பேக்மேன் 60.61 ஹேர்ட்ஸ். எல்லாவற்றையும் 60இல் ஓட்டினால் அசையும் பின்னணி அடிக்கடி துள்ளும்.

லினக்ஸ்_லயம் (பண்டாரவளை)

கார்ட் வாங்காமலும் செய்யலாம். கையில் இருக்கிற எச்டிஎம்ஐ-விஜிஏ அடாப்டரே போதும். தடை ஒன்றே ஒன்றுதான். 320×240 படத்துக்கு பிக்சல் க்ளொக் (பிக்சல் அனுப்பும் வேகம்) 6.4 மெகாஹேர்ட்ஸ், எச்டிஎம்ஐ 25க்குக் கீழே இறங்காது. ஆகவே அகலத்தை மட்டும் எட்டு மடங்காக்குங்க:

பிக்சல் க்ளொக் 51.2
கிடை: 2560 2688 2944 3264
குத்து: 240 244 247 262
ரெண்டு சிங்கும் நெகட்டிவ்

51.2 மெகாஹேர்ட்ஸை 3264ஆல் வகுத்தால் 15,686. அதை 262ஆல் வகுத்தால் 59.87. சிங்க் துடிப்பு 5 மைக்ரோசெக்கன். மொனிட்டர் பிக்சலை எண்ணுவதில்லை, வரியைத்தான் எண்ணுது. அதற்கு 320உம் 2560உம் ஒன்றுதான். மேம் படத்தைக் கிடையாக இழுத்துக்கொள்ளும். 384 அகல விளையாட்டு 2560க்குள் முழு எண்ணாக வகுபடாவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாது.

எக்ஸ் சர்வரில் எக்ஸ்ரேண்டர் கொண்டு இந்த மோடைச் சேர்த்து இன்டெல் வெளியீட்டில் போடுங்க. வேலண்ட் அமர்வில் முயற்சி செய்து நேரத்தை வீணாக்காதீங்க. தன் திறனைக் கணினிக்குச் சொல்லும் ஈடிஐடி தகவல் ஆர்கேட் மொனிட்டரில் இல்லாததால் கார்ட் "ஒன்றும் செருகவில்லை" என்று நினைத்து வெளியீட்டை மூடிவிடலாம். அப்படியானால் சுவிட்ச்ரெஸ் தனி நிரலைக் கொண்டு ஈடிஐடி கோப்பு ஒன்றை உருவாக்கி, கர்னல் பூட் வரியில் அதைக் கொடுத்தால் திறந்தே இருக்கும்.

வரி262

கணக்கு சரி. அடாப்டர்தான் சந்தேகம். சில அடாப்டர் வந்த நேரக்கணக்கை அப்படியே விஜிஏக்கு விடும். சிலது உள்ளே ஸ்கேலர் வைத்து எதைக் கொடுத்தாலும் 60 ஹேர்ட்ஸ் விஜிஏ ஆக்கிவிடும், இந்த வேலைக்கு அது குப்பை. ஒன்றுவிட்ட வரிகளை மாறி மாறிப் போடும் இன்டர்லேஸ் மோட் பெரும்பாலான அடாப்டரில் கலங்கும், ஆகவே 480 வரி டெஸ்க்டொப் கிடைக்காது.

மொனிட்டரில் கொடுக்குமுன் மீட்டரில் பார்த்துவிடலாம். ஹேர்ட்ஸ் அளக்கும் மல்டிமீட்டரை விஜிஏ 13ஆம் முள்ளுக்கும் 10ஆம் முள்ளுக்கும் இடையில் வையுங்கள். 15.69 கிலோஹேர்ட்ஸ் அளவு காட்ட வேண்டும். 14ஆம் முள்ளில் 60. 13இல் 31 காட்டினால் மொனிட்டரை ஒன் பண்ணாதீர்கள்.

அதே மீட்டரை டிசி வோல்ட்டுக்கு மாற்றினால் சிங்க் திசையும் தெரியும். துடிப்பு வரியின் 8 வீதம்தான். ஆகவே நெகட்டிவ் சிங்கில் சராசரி முழு வோல்ட்டுக்குக் கிட்ட, 3.3 வோல்ட் அடாப்டரில் 3.0 போலக் காட்டும். பொசிட்டிவ் என்றால் 0.3.

லினக்ஸ்_லயம்

ஒத்துக்கொள்றேன். இன்டர்லேஸ் வேணும் என்கிறவங்க பழைய ரேடியோனே எடுங்க. லினக்ஸில் அதற்குப் பழைய ரேடியோன் டிரைவர்தான் ஓடுது, அங்கே இன்டர்லேஸும் தாழ்ந்த க்ளொக்கும் கிடைக்கும். எல்லாம் கட்டிப் போட்ட மாதிரி வேணுமென்றால் குரூவிஆர்கேட் என்று தனி லினக்ஸே இருக்கு.

கொத்மலைக்காரன்

13ஆம் முள்ளில் 15.68, டிசி 3.05. அடாப்டர் நல்லதுதான் போல. ட்ரான்ஸ்போமருக்குச் சொல்லியாச்சு. எச், வி ரெண்டையும் நேராகக் கொடுக்கலாமா?

ஜாமா56

உங்க மொனிட்டரில் எச், வி தனித்தனி முள் இருப்பதால் நேராகக் கொடுங்க, ஐசி ஒன்றும் வேண்டாம். விஜிஏ 13 எச்சுக்கு, 14 விக்கு. 1, 2, 3 சிவப்பு, பச்சை, நீலம். 6, 7, 8, 10 நாலையும் சேர்த்து வீடியோ கிரவுண்டுக்கு. கிரவுண்டை ஒரே வயரில் மெல்லிசாக இழுத்தால் வெள்ளைப் பகுதிக்கு வலப்பக்கம் நிழல் விழும்.

மற்றவர்களுக்காக, சிங்க் ஒரே முள் உள்ள மொனிட்டருக்கு அல்லது ஜாமா (ஆர்கேட் கேம் போர்டுகளுக்கான பொது இணைப்பு முறை) வயரிங்குக்கு. 56 முனை கொண்ட அந்த ஜாமா விளிம்பில் உறுப்புப் பக்கம் 12 சிவப்பு, 13 நீலம், 14 வீடியோ கிரவுண்ட். ஈயப் பக்கம் அதே 12க்கு எதிரே பச்சை, 13க்கு எதிரே சிங்க். அங்கே எச்சையும் வியையும் ஒன்றாக்க வேணும். வெறுமனே ரெண்டு வயரையும் முறுக்கினால் ஒன்றை ஒன்று அமுக்கும். 86 ஐசி ஒன்று போதும், உள்ளே நாலு எக்ஸ்ஓஆர் கேட்:

1ஆம் கால் எச், 2ஆம் கால் வி. 3ஆம் காலிலிருந்து 4க்கு ஒரு வயர், 5ஆம் கால் +5க்கு. 6ஆம் காலில் நெகட்டிவ் கொம்போசிட் சிங்க் வரும். 14க்கு +5, 7க்கு கிரவுண்ட், ரெண்டுக்கும் இடையில் 100 நானோ ஃபராட் கெபாசிட்டரைக் காலுக்கு ஒட்டியே. 9, 10, 12, 13 நாலையும் கிரவுண்ட் பண்ணுங்க, சும்மா விட்டால் சத்தம் பொறுக்கும்.

வாங்கும்போது 74எச்சிடி86 அல்லது 74எல்எஸ்86 கேளுங்க. கடைக்காரர் "எச்சியும் அதுவும் ஒன்றுதான்" என்று 74எச்சி86 தருவார். ஒன்றல்ல. எச்சிக்கு 5 வோல்ட்டில் உள்ளீடு 3.5ஐத் தாண்ட வேணும், அடாப்டர் தருவதே 3.3. சில நாள் ஓடும், சில நாள் படம் சுருண்டு விழும். 5 வோல்ட்டை யூஎஸ்பியிலிருந்து எடுங்க. விஜிஏ 9ஆம் முள்ளில் எல்லாக் கார்டும் 5 வோல்ட் தருவதில்லை.

கொத்மலைக்காரன்

இனி இருட்டு. அதற்கு ஆம்ப் கட்டாயமா?

வரி262

கணினி தருவது 75 ஓம் சுமைக்கு 0.7 வோல்ட். ஆர்கேட் கேம் போர்ட் தருவது அதைப்போல் பல மடங்கு, ஏறக்குறைய 3 வோல்ட், சில போர்டில் இன்னும் மேலே. மொனிட்டரின் உள்ளீடு அந்த அளவுக்குத்தான் செய்யப்பட்டது.

முதலில் காசில்லாத வழி. மொனிட்டரில் 75 ஓம் டேர்மினேஷன் (சிக்னலிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டர்) இல்லை என்றால், கார்டின் உள்ளே உள்ள 75 ஓம் மட்டுமே சுமையாகி 0.7 தானாக 1.4 ஆகும். நீங்கள் எங்கேயாவது 75 ஓம் ரெசிஸ்டர் சேர்த்திருந்தால் கழற்றுங்கள். 15 கிலோஹேர்ட்ஸில் ஒரு மீற்றர் கேபிளுக்கு டேர்மினேஷன் இல்லாததால் கண்ணுக்குத் தெரியும் பேய்ப் படம் வராது. பிறகு கொன்ட்ராஸ்டைக் கூட்டுங்கள். கொன்ட்ராஸ்ட் குமிழ் உள்ள சேசிஸில் பலருக்கு இது போதும்.

போதாவிட்டால் நான்கு மடங்கு ஆம்ப். ஏடி8056 ரெண்டு, ஒவ்வொன்றிலும் ரெண்டு ஒப்-ஆம்ப். மூன்று நிறத்துக்கு மூன்று. மீதமுள்ள ஒன்றின் வெளியீட்டை அதன் மைனஸ் உள்ளீட்டோடு கட்டி, ப்ளஸ் உள்ளீட்டைக் கிரவுண்ட் பண்ணுங்கள். ஒவ்வொரு நிறத்திலும் ப்ளஸ் உள்ளீட்டில் கிரவுண்டுக்கு 75 ஓம், வெளியீட்டிலிருந்து மைனஸ் உள்ளீட்டுக்கு 1 கிலோ ஓம், மைனஸிலிருந்து கிரவுண்டுக்கு 330 ஓம். 0.7 போனால் 2.8 வரும். சப்ளை +5, −5. ஆர்கேட் சுவிட்சிங் சப்ளை இருந்தால் ரெண்டும் அதிலேயே இருக்கிறது, பழைய கேம் போர்டுக்காக −5 தருவார்கள். 12 வோல்ட்டைக் கொண்டு போய் இந்த ஐசிக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு ஐசியின் சப்ளைக் காலிலும் 100 நானோ, போர்டுக்கு ஒரு 10 மைக்ரோ.

கையில் இருக்கிறதே என்று எல்எம்358 அல்லது டிஎல்072 போட்டால் எழுத்தெல்லாம் வலப்பக்கம் இழுபட்டுக் கரைந்துபோகும். 358க்கு நான்கு மடங்கில் கால் மெகாஹேர்ட்ஸ்கூட மிஞ்சாது. 320 பிக்சல் வரிக்கு 3 மெகாஹேர்ட்ஸுக்கு மேலே வேண்டும்.

ஜாமா56

ஈயம் வைக்க விருப்பமில்லாதவர்களுக்கு அல்டிமார்க்கின் ஜே-பேக் என்று ஒன்று இருக்கு. விஜிஏயை ஆம்ப் பண்ணி, சிங்கை ஒன்றாக்கி, ஜாமா விளிம்புக்கே தரும். பட்டன்களும் யூஎஸ்பி வழியே கீபோர்டாகக் கணினிக்குப் போகும். கேபினட் முழுசாக இருந்தால் அதுவே இலேசு. வெறும் மொனிட்டருக்கு மட்டும் அவ்வளவு காசு கொடுப்பானேன்.

பனிமூட்டம் (நுவரெலியா)

எல்லாரும் சிக்னலைப் பேசுறீங்க, ஊரைப் பேசல.

குளிர்ந்த அறையில் கிடந்த மொனிட்டரை ஆள் நிறைந்த சூடான அறைக்குக் கொண்டு வந்ததும் ஒன் பண்ணாதீங்க. கண்ணாடிக்கு மேலே பனி படியிற மாதிரியே குழாய்க்கு உயர் வோல்ட் போகிற ஆனோட் ரப்பர் தொப்பிக்கு அடியிலும் ஈரம் படியும். அங்கே நிற்பது 20 முதல் 25 கிலோவோல்ட். நுவரெலியா 1,868 மீற்றர். இந்த உயரத்தில் காற்று கடல் மட்டத்தை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெல்லிசு, அதே அளவு இலேசாகப் பொறி தாண்டும். கொழும்பில் பிரச்சினை இல்லாத ஃப்ளைபேக் இங்கே சீறுவதற்கு அதுதான் காரணம். அறையில் ஒரு முழு நாள் விட்டு, அதற்கப்புறம் கரண்ட் கொடுங்க.

சீறுற சத்தமும் ஓசோன் வாசனையும் வந்தால் ஓஃப். ஆனோட்டை இறக்க, நீளமான ஸ்க்ரூட்ரைவரின் தண்டில் வயர் கட்டி, அதன் மறுமுனையைக் குழாயின் பின்னால் சுற்றிப் போகிற பின்னல் கம்பியில் மாட்டுங்க. சேசிஸ் கிரவுண்ட்ல மாட்டினால் அந்தப் பாய்ச்சல் ஐசிகளுக்குள்ளே போகும். தொப்பியைத் தூக்கி உள்ளே தொடுங்க, ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு தடவை தொடுங்க, குழாய் திரும்பக் கொஞ்சம் சேர்க்கும். பிறகு தொப்பியின் உட்புறத்தையும் கண்ணாடியையும் 99 வீத ஐசோப்ரொப்பைலால் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, விளிம்பில் சிலிக்கன் கிரீஸ் மெல்லிசாக. கை துடைக்கிற ஸ்பிரிட் வேண்டாம், அதில் தண்ணி இருக்கு.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி. சுவிட்சை ஓஃப் பண்ணினால் போதாது, ப்ளக்கையே கழற்றுங்க. ஐசோலேஷன் ட்ரான்ஸ்போமர் மின்னலைத் தடுக்காது.

கொத்மலைக்காரன்

சோக்கட்டுக்கு ஏர்த் இழுத்து, ட்ரான்ஸ்போமர் போட்டு, டேர்மினேஷன் இல்லாமல் கொடுத்தாச்சு. ஒரே படம், நடுவிலே, கறுப்பு கறுப்பாகவே இருக்கு, கொன்ட்ராஸ்ட் முக்கால்வாசியில் வெளிச்சம் போதும். ஆம்ப் இப்போதைக்கு வேண்டாம். மூன்று குறை மட்டும்: படம் முழுக்க வேகமாக நடுங்குது, ஜெலி மாதிரி. இடது மூலையில் வெள்ளை கொஞ்சம் ரோஸ். படமும் ஒரு பக்கம் அரை விரல் சரிஞ்சிருக்கு.

ட்ரான்ஸ்போமர்_பாஸ்

நடுக்கத்துக்குக் காரணம் நான் சொல்லிக் கொடுத்த ட்ரான்ஸ்போமர்தான். குழாய்க்குப் பக்கத்துல வெச்சிருப்பீங்க. கரண்ட் 50, படம் 60. வித்தியாசம் 10, விநாடிக்குப் பத்துத் தடவை ஆட்டும். அரை மீற்றராவது தள்ளி வைங்க. தள்ளி வெச்சும் போகலன்னா ட்ரான்ஸ்போமரையே கால் வட்டம் திருப்பிப் பாருங்க. அதுக்கும் அசையலன்னா பெரிய ஃபில்டர் கெபாசிட்டர் காய்ஞ்சு போச்சு, மாத்தணும்.

வரி262

ரோஸும் சரிவும் பூமியின் காந்தப் புலத்தால். குழாய்களை வட அரைக்கோளத்துக்கு, நடுக்கோட்டுக்கு, தென் அரைக்கோளத்துக்கு என்று வேறு வேறாகச் சரிப்படுத்தி விட்டார்கள். ஜப்பானிலோ ஐரோப்பாவிலோ புலம் நிலத்துக்குள் சாய்ந்து இறங்கும். காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் நுனியைத் தொட்டுப் போகிறது, நாம் அதற்குக் கொஞ்சம் தெற்கே. ஆகவே நமக்குப் புலம் கிட்டத்தட்டத் தரையோடு படுத்திருக்கிறது. அங்கே சரியாக விழுந்த பீம் இங்கே சற்றுப் பக்கவாட்டில் விழும்.

முதலில் மொனிட்டரை நிரந்தரமாக எங்கே வைப்பதென்று முடிவு செய்யுங்கள். திரை வடக்கோ தெற்கோ பார்த்தால் புலம் படத்தைச் சுழற்றும், கிழக்கோ மேற்கோ பார்த்தால் மேலே கீழே நகர்த்தும். அந்த இடத்தில் வைத்து டீகோஸ் பண்ணுங்கள். உள்ளே இருக்கும் டீகோஸுக்கு அடுத்த தடவை வேலை செய்ய இருபது நிமிஷம் ஆற வேண்டும், சும்மா ஓஃப் ஒன் பண்ணிப் பிரயோசனமில்லை. கையில் பிடிக்கும் கொயில் என்றால் திரைக்கு முன்னால் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இரண்டு மீற்றர் பின்வாங்கி, அங்கே போய்த்தான் ஓஃப் பண்ண வேண்டும். கிட்ட வைத்து ஓஃப் பண்ணினால் இருந்ததைவிட மோசமாகும்.

அதற்குப் பிறகும் ரோஸ் இருந்தால் சொல்லுங்கள், நிறத் தூய்மையைச் சரிப்படுத்தும் ப்யூரிட்டி வளையத்தைப் பார்க்கலாம். வளையத்துக்கு மேலே உள்ள பெயின்ட் அடையாளத்தை இப்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரான்ஸ்போமர்_பாஸ்

சரிவுக்கு, பீமைத் திருப்புற யோக் கொயிலோட கழுத்துல இருக்கிற ஒரே திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தி யோக்கைத் திருப்பணும். முன்னால பின்னால நகர்த்தாதீங்க, திருப்புறது மட்டும். ரப்பர் ஆப்பு மூன்று ஒட்டியிருக்கும், அது கழரக்கூடாது. அகலம் பத்தலன்னா விட்த் கொயிலைத் திருகலாம், ப்ளாஸ்டிக் ஹெக்ஸ் சாவியால மட்டும். இரும்புச் சாவி விட்டா ஃபெரைட் பிளந்து உள்ளேயே சிக்கிடும்.

கொத்மலைக்காரன்

ட்ரான்ஸ்போமரை மேசைக்குக் கீழே கொண்டு போனதும் நடுக்கம் நின்னுடுச்சு. திரை கிழக்குப் பார்க்க வெச்சு டீகோஸ் பண்ணினேன், ரோஸும் போச்சு, சரிவும் போச்சு, படம் மட்டும் ரெண்டு மில்லிமீற்றர் கீழே இறங்கியிருக்கு.

லினக்ஸ்_லயம்

அதுக்கு மொனிட்டரைத் திறக்க வேண்டாம். குத்து வரியில் 244 247 என்பதை 245 248 ஆக்குங்க, ஒரு வரி மேலே வரும். 246 249 ஆக்கினால் ரெண்டு. 262 மாறக்கூடாது.